சாம்பிராணி போட்டால் எழுந்து போகும் மாப்பிள்ளைக்கு

அன்பு மகன்,

உனக்கும் உன் மனைவிக்கும் அந்த வீட்டார் எல்லாருக்கும் என் ஸலாம். நான் சொல்லச் சொல்ல இதை உன் தங்கச்சி எழுதுகிறாள். ஒப்பரேஷன் செய்த கண்ணில் இன்னும் மூடி இருக்கிறது. மற்றக் கண்ணிலும் புரைதான்; அதால் பார்த்தால் எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோலத் தெரிகிறது. போனில் குரல் பதிந்து அனுப்பலாம்தான். ஆனால் நீ பாதி கேட்டதுமே "வேலையா இரிக்கன் உம்மா, பொறகு கதைக்கன்" என்று அனுப்பிவிடுவாய். எழுதியதை அப்படிப் பாதியில் விட உனக்கு மனம் வராது. கடலை சுற்றிவந்த தாளைக்கூடக் கடைசி வரி வரை வாசித்த பிள்ளை நீ. நான் வாய்க்கு வந்தபடி கதைப்பதை இவள் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். "நீங்க சொல்றத அப்பிடியே எழுதினாப் புள்ளி குறைப்பாங்க உம்மா" என்கிறாள். யார் குறைப்பது என்று கேட்டேன், அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நடுவில் அவளுடைய சொந்தப் பந்தி ஒன்றும் வருமாம். எழுதித் தருவதற்கு அதுதான் கூலி.

முந்தாநாள் உன் மாமி என்னைப் பார்க்க வந்திருந்தார். பொத்துவிலிலிருந்து பஸ்ஸில், மடியில் ஒரு தயிர்ச் சட்டியை வைத்துக்கொண்டு கல்முனை வரைக்கும் வந்திருக்கிறார். பஸ் குலுங்கின குலுக்கலிலும் அதில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கட்டிலோரத்தில் இருந்து கண்ணைப் பற்றி விசாரித்தார். புரை நன்றாக முற்றட்டும் என்று நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்ததையும், அதைக் கேட்டு நேர்ஸ் பிள்ளை "அது என்ன மாங்காயா உம்மா, முத்தினாப் பொறகு பறிக்கிறதுக்கு?" என்று சிரித்ததையும் சொன்னேன். கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவதுதான் புரை என்றும், மங்கியதை எடுத்துவிட்டு வேறொரு வில்லை வைப்பார்கள் என்றும், அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் அப்போதே செய்யலாம், முற்றும்வரை பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்றும் டொக்டர் எனக்கு விளக்கினதை அப்படியே ஒப்புவித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

"மச்சி, ஒண்டு கேட்டாக் கோவிக்கக் கூடா" என்றார்.

"கேளுங்க."

"மாப்புளக்கி எங்கட ஊடு புடிக்கல்ல போல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். உனக்கென்று புது இலவம்பஞ்சு வாங்கி, மகளும் அவருமாக இருந்து மெத்தையும் தலையணையும் அடைத்தார்களாம். ஒரு கிழமைகூட நீ அதில் படுக்கவில்லையாம். பாயைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டாயாம். வியாழக்கிழமை மஃரிப் தொழுதுவிட்டுச் சாம்பிராணிச் சட்டியை எடுத்தால், புது மாப்பிள்ளை இருக்கிற அறைக்குத்தான் முதலில் கொண்டு வருவாராம். சட்டி வாசலுக்கு வரும்போதே நீ எழுந்து றோட்டுக்குப் போய்விடுகிறாயாம். இப்படி ஒவ்வொரு வியாழனும். கேட்டால், "ஒண்டுமில்ல மாமி, ஒரு போன் கோல் எடுக்கணும்" என்கிறாயாம்.

"எங்கட மகள் ஒண்டும் வாய் தொறக்கிறாளில்ல. ஆனா அழுறா. எனக்குத் தெரியும்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "முந்தி வேற எங்கயும் மனச வெச்சிரிந்தாரா மச்சி? இரிந்தாச் சொல்லுங்க. நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்" என்றார்.

தேத்தண்ணி கொண்டுவந்த உன் தங்கச்சி அந்த இடத்தில் சிரித்துவிட்டாள். கோப்பை ஆடித் தேத்தண்ணி தட்டில் ஊற்றுண்டது. அவள் சிரித்ததைப் பார்த்து உன் மாமியின் கண் கலங்கிவிட்டது. மகன், எனக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது. அதாலும் அவரை நேரே பார்க்க முடியவில்லை.

உன் முட்டு வருத்தத்தை, இந்த ஆஸ்மாவைப் பற்றி அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணம் பேசியபோது அவர்கள் உன் தொழிலைக் கேட்டார்கள், தொழுகையைக் கேட்டார்கள், சிகரெட் குடிக்கிறதா என்று கேட்டார்கள். ஏதும் வருத்தம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நான் சொல்லத் தொடங்கியபோது நீதான் என் கையைப் பிடித்து, "பொறகு நானே சொல்றன் உம்மா" என்றாய். வளர்ந்த பிள்ளை சொல்கிறான், தன் உடம்பைப் பற்றிய கதையைத் தானே சொல்லட்டும் என்று விட்டேன். நீ சொன்ன அந்தப் "பொறகு" எப்போது வரப்போகிறது?

நான் உன் மாமியிடம் சொன்னது இவ்வளவுதான். "அப்பிடி ஒண்டுமே இல்ல மச்சி. உங்கட மகளைப் பாத்துட்டு வந்த நாள் இவன் ராச் சோறு திங்க மறந்துட்டான். வெளிய போறதுக்குக் காரணம் வேற. அத அவன் வாயாலயே சொல்லுவான்."

"எப்ப?"

"வாற வியாழனுக்கு முந்தி."

அவர் சுருட்டின முந்தானையை உதறிச் சரிசெய்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். உன்னைக் கேட்காமல் உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன், மகன். அதற்காக நீ என்னோடு கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொண்டே அந்த வாக்கை நிறைவேற்றியும் விடு.

அவர் போன பின், பொத்துவிலுக்கு வாப்பாவிடம் கொடுத்தனுப்ப உன் சேர்ட்டுகளை எடுக்கத் தங்கச்சி உன் அலுமாரியைத் திறந்தாள். சேர்ட்டுகளுக்கு அடியில், போன கிளினிக்கில் உனக்கு மூச்சோடு இழுக்கத் தந்த மண்ணிறப் பம்ப் இரண்டும் பெட்டி உடைக்காமல் கிடந்தன. அதைக் கண்டதிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீலப் பம்ப்பை மட்டும் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போய், றோட்டில் நின்று இழுத்துவிட்டு வருகிறாய் என்பது விளங்கிவிட்டது. காலையும் மாலையும் எடுக்கவேண்டியதை எடுத்தால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று அதை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாய்.

நீ ஏன் ஒளிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை நீ எனக்குச் சொல்லவில்லை, நானே கேட்டேன். ஒருநாள் உனக்குச் சோறு கொண்டுவந்து வாசலில் நின்றபோது மைதானத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய் பம்ப்கார, என்ட சைக்கிளுக்கும் காத்தடிச்சுட்டுப் போடா!" எல்லாரும் சிரித்தார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். அன்றிலிருந்து பம்ப்பைப் பென்சில் பெட்டிக்குள் வைக்கப் பழகினாய். அதற்கு முந்திய வருஷம்தான் வயலில் சூடடிக்கும்போது நெல்தூசு பட்டு உனக்கு இழுத்தது. தண்ணீர் ஓதித் தந்தார்கள், குடிக்கத் தந்தேன். ஓதிக்கொண்டேதான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் ஓடினேன். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. முகமூடி வைத்து ஆவி மருந்து தந்தார்கள். உன் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய் வருவது நின்றபோதுதான் எனக்கும் மூச்சு வந்தது. அடுத்த வீட்டுச் சாச்சி வந்து, "பம்ப் குடுக்காதீங்க, ஒருக்காப் பழகினா வாழ்நாளைக்கும் விடேலா" என்றார். டொக்டரிடம் அதை அப்படியே போய்ச் சொன்னேன். "கண்ணாடி போட்டாப் பழகிப் போகுமா உம்மா? தேவையாயிருக்கு, போடுறம். அவ்வளவுதான்" என்றார்.

இனி வரும் பந்தி என்னுடையது, காக்கா. தங்கச்சி எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான் என்று தாண்டிப் போகக் கூடாது. தெரிந்திருந்தால் அந்தப் பெட்டிகள் அலுமாரியில் கிடந்திருக்காது. நான் ஒரு பெட்டியை உடைத்து, மருந்தோடு மடித்து வைத்திருக்கும் தாளை விரித்து முழுவதும் வாசித்தேன். பிறகு அடுத்த தெரு டிஸ்பென்சரி டொக்டரிடம் போய் விளங்காததைக் கேட்டேன். ஆஸ்மா உள்ளவர்களின் மூச்சுக் குழாய்களின் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். இழுக்காத நாளிலும் அந்த வீக்கம் இருக்கும். அந்த நேரம் பார்த்துப் புகையோ தூசியோ பட்டால், குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகி, உள்ளே சளியும் ஊறி, காற்றுப் போகிற வழி ஒடுங்கிவிடும். நீலப் பம்ப் அந்த இறுகிய தசையைத் தளர்த்தும். அது கெதியாக வேலை செய்யும். ஆனால் வீக்கத்தை அது ஆற்றாது. வீக்கத்தை ஆற்றுவது மண்ணிறப் பம்ப். அது மெதுவாகத்தான் வேலை செய்யும்; சில கிழமைகள் விடாமல் எடுத்தால்தான் பலன் தெரியும், நிறுத்தினால் வீக்கம் திரும்பி வரும். அதில் இருப்பது ஸ்டீரொய்ட் என்று சனங்கள் பயப்படுகிறார்கள். அது சிறிய அளவு, நேரே குழாய்க்குத்தான் போகிறது. எடுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்குள் வெள்ளையாகப் புண் வரலாம். நீலத்தை அடிக்கடி தேட வேண்டியிருந்தால் ஆஸ்மா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தமாம். நீங்கள் இழுக்கிற முறையும் பிழை, காக்கா. நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். நீங்கள் அமத்திவிட்டுத்தான் இழுப்பீர்கள். மருந்தில் பாதி நாக்கில் நின்றுவிடும். நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுக மூடி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அமத்த வேண்டும். பிறகு முடிந்தளவு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது சரிவரவில்லை என்றால் கிளினிக்கில் கேளுங்கள், பம்ப்போடு பூட்டிக்கொள்ளும் குடுவை ஒன்று இருக்கிறது. அது பெரிதாக இருக்கும், ஒளிக்க முடியாது. ஒளிக்க முடியாது என்பதே நல்லதுதான் என்று நான் நினைக்கிறேன். பந்தி முடிந்தது.

இவள் எழுதியதை வாசித்துக் காட்டினாள். அதில் உனக்கும் உன் வாப்பாவுக்கும் சேர்த்துப் பாடம் இருக்கிறது. உன் வாப்பாவின் பிரஷர்க் குளிசைக் கதை உனக்குத் தெரியாது, அது நீ போன பிறகு நடந்தது. தலையிடி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, பிறகு ஏன் குளிசை என்று தானே தீர்மானித்து நிறுத்திவிட்டார். கிளினிக்கில் கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்த நேர்ஸ், மறுபடியும் சுற்றிப் பார்த்தார்.

"குளிச போடுறீங்களா ஹாஜியார்?"

"சுகம்தானே மிசி, எதுக்கு?"

"சுகமா இரிந்தது குளிசையால. இப்ப நீங்க சுகமில்ல. உங்களுக்குத்தான் அது இன்னும் தெரியல்ல."

வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொம்புள என்னைச் சின்னப் புள்ளைக்கிப் போல ஏசிட்டா" என்றார். ஆனால் அன்றைக்கே குளிசையைத் தேடி எடுத்தார். மகன், பிரஷருக்கும் முட்டுக்கும் இந்த ஒரு குணம் பொதுவானது. மருந்து ஒழுங்காக வேலை செய்யும்போது வருத்தம் இருப்பதே தெரியாது. வருத்தம் தெரியவில்லையே என்று நாம் மருந்தை விட்டுவிடுகிறோம். கல்யாண நாட்களில் உனக்கு இழுக்கவே இல்லை என்று நீ சந்தோஷப்பட்டாய் அல்லவா? அந்தச் சுகத்தைத் தந்தது அதற்கு முந்திய மாதங்களில் நீ எடுத்த மண்ணிறப் பம்ப்.

நோன்பை நினைத்தும் நீ யோசிப்பாய். போன நோன்பில் பம்ப் எடுத்தால் நோன்பு முறியுமா என்று பள்ளிவாசலில் கேட்கக்கூட நீ வெட்கப்பட்டாய். வாப்பாதான் போய்க் கேட்டார். காலை மருந்தை ஸஹரிலும் மாலை மருந்தை நோன்பு திறந்த பின்னும் எடுக்கிற மாதிரி டொக்டரிடம் கேட்டு ஒழுங்கு செய்துகொள். பகலில் மூச்சு இறுகினால் நீலத்தை எடுக்கத் தயங்காதே. நோன்பைப் பற்றிப் பிறகு மௌலவியிடம் கேட்டுக்கொள்ளலாம், விட்டதைப் பிறகு பிடிக்கலாம். மூச்சை அப்படிப் பிறகு பிடிக்க முடியாது. உனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் வருமோ என்று உன் மனைவி பயந்தால், வரலாம், வராமலும் போகலாம் என்று உண்மையைச் சொல். இது தொற்றுகிற வருத்தம் இல்லை, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம் என்பதையும் சொல். இதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நீ வெளியே போகிறாய் என்பது மட்டும்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக உன் மனைவிக்கு நீ காட்டிக்கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீலப் பம்ப் எடுத்தும் மூச்சு இளகவில்லை என்றால், கதைக்கும்போது ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் நடுவில் நடுவில் நின்றால், உதடு கருநீலமானால், ஆட்டோவைக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. போகும் வழியில் நீலத்தை எப்படித் தருவது என்று கிளினிக்கில் எழுதித் தருவார்கள். அதை அவள் கையில் கொடு. இத்தனை வருஷமாக உன் மூச்சுச் சத்தத்துக்கு நான் காது வைத்திருந்தேன். அடுத்த அறையில் நீ படுத்திருந்தாலும் அது மாறினால் எனக்குத் தெரிந்துவிடும். இப்போது அந்தக் காது உன் மனைவியின் காது. எதைக் கேட்க வேண்டும் என்று நீ சொல்லிக் கொடுக்காவிட்டால், பாவம், அவள் எதைக் கேட்பாள்? அறுவடையும் நெருங்குகிறது. உன் மாமனாரின் வயலில் மெஷின் இறங்கும் நாளில் புது மாப்பிள்ளையும் வரப்பில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். கூப்பிட்டால் நீ மாட்டேன் என்று சொல்ல மாட்டாய். அதுதான் எனக்குப் பயம்.

அந்த வீட்டார் உன்னை எவ்வளவு கௌரவப்படுத்தினார்களோ அவ்வளவுக்கு உனக்கு மூச்சு முட்டியிருக்கிறது. புதுப் பஞ்சு, சாம்பிராணி, அத்தர், நுளம்பு கடிக்காமல் கட்டிலுக்கடியில் சுருள். ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை, பெண் வீட்டில் போய் வாழ்கிற ஆணுக்கு அந்தச் சங்கடம் இருக்கும். உன் வாப்பா இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பிடிக்காத பாகற்காயை என் உம்மா வைக்க வைக்கத் தின்றுகொண்டே இருந்தார். பாகற்காயைச் சகித்துக்கொள்ளலாம், புகையைச் சகிக்க முடியாது. சாம்பிராணியையே நிறுத்தச் சொல் என்று நான் சொல்லவில்லை. நீ பள்ளிவாசலுக்குப் போயிருக்கும் நேரத்தில் போட்டு, நீ வருவதற்குள் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். அப்படியும் சேராவிட்டால் உன் அறையை மட்டும் விட்டுவிடச் சொல். தலையணைக்கு நெருக்கமாக நெய்த உறை போடலாம். சுருளுக்குப் பதிலாக வலை கட்டலாம். உன் மாமி கையில் தயிர்ச் சட்டி சிந்தாமல் வந்த கதையைச் சொன்னேனே, அவ்வளவு பக்குவமான மனுஷி. காரணம் தெரிந்தால் உன்னைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்வார்.

நீ சொல்லி முடித்த பிறகு, இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடச் சஞ்சிகையில் போடலாமா என்று உன் தங்கச்சி கேட்கிறாள். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் மாற்றிவிடுவாளாம். நீ ஓம் என்றால் எனக்கும் ஓம்தான். இந்தக் கரையோரத்தில் எத்தனை உம்மாமார் மகன்மாரைப் பெண் வீட்டுக்கு அனுப்புகிறோம். பெட்டியில் சாரன் வைக்கிறோம், சேர்ட் வைக்கிறோம், அத்தர் வைக்கிறோம். மருந்தைத்தான் அடியில் ஒளிக்கிறோம், அல்லது வைக்காமலே விட்டுவிடுகிறோம்.

வாப்பா நாளைக்கு உன்னிடம் சேர்ட்டுகளையும் இரண்டு பெட்டிகளையும் இந்தக் கடிதத்தையும் கையில் தருவார். அவர் ஒன்றும் கேட்கமாட்டார்; தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுவார். அவர் போன பின், உன் மனைவியிடம் முதலில் சொல். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மாமியிடம் போங்கள். எப்படித் தொடங்குவது என்று நீ தடுமாறுவாய் என்று எனக்குத் தெரியும். அதற்காக நானும் தங்கச்சியும் உனக்கு ஒரு வசனம் செய்து வைத்திருக்கிறோம். இவள் எழுதினது எழுத்துத் தமிழில் இருந்தது, அதைக் கேட்டால் உன் மாமி பயந்துவிடுவார் என்று நான் மாற்றச் சொன்னேன்.

"மாமி, எனக்குச் சின்ன வயசிலரிந்து முட்டு இரிக்கி, நீங்க ஆசையாப் போட்ட சாம்பிராணியும் பஞ்சு மெத்தையும் எனக்குச் சேராமத்தான் வெளிய போனன், உங்கட ஊட்டயும் உங்கட மகளையும் எனக்கு நல்லாப் புடிச்சிரிக்கி."

தங்கச்சி இதை ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினாள். உனக்கும் அப்படி வந்தால் அல்ஹம்துலில்லாஹ். வராமல் நடுவில் மூச்சு முட்டி நின்றுவிட்டால், அதற்காக வெட்கப்படாதே, மகன். நீ நிற்கிற இடத்திலேயே உன் மாமி எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிடுவார். மிச்சத்தை நீ சொல்லத் தேவையே இருக்காது.

உன் உம்மா